மேசையைத் தொட்ட நேரம்

மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்தில், நன்றாக வளர்ந்திருந்த ஒரு சவுக்குத் தோப்பை வெட்டிச் சாய்த்துவிட்டு ஒரு கண்ணாடிக் கட்டடம் கட்டியிருக்கிறார்கள். 'கரையோர மண்டலக் கண்டுபிடிப்பு உரிமைத் தேர்வகம்' என்று வாசலில் பித்தளை எழுத்தில் பெயர் இருக்கும். அதற்குக் கீழே, எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாக, 'மனிதக் கை படாத நிர்வாகம்' என்று இருக்கும். யாராவது எதையாவது புதிதாகக் கண்டுபிடித்தால், அது நிஜமாகவே புதிதுதானா என்று பார்த்து, ஆமாம் என்றால் ஓர் உரிமை எண் கொடுப்பது இவர்களுடைய வேலை. ஆமாம் என்று இவர்கள் சொன்னதாக இதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை.

அந்த வாசலில் அப்துல் சுபஹான் பாய் முதல் முறையாக வந்து நின்றது பிப்ரவரி மாதத்தில். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக வருகிற பஸ்ஸில் வழி முழுக்க நின்றுகொண்டே வந்திருந்தார். கையில் ஒரு மஞ்சள் துணிப்பை. பைக்குள் இரண்டு இரும்புக் கவ்வி, ஒரு பெரிய பழுப்பு உறை.

பாய்க்கு நாற்பத்தாறு வயது. ஒரகடம் போகும் சாலையில் இருக்கிற ஒரு பெரிய கிடங்கில் பிட்டர். அந்தக் கிடங்கில் ஆறு மாடி உயரத்துக்கு இரும்பு அடுக்கு, அடுக்கு முழுக்கப் பிளாஸ்டிக் பெட்டிகள். மனுஷன் ஏற முடியாது, ஏறவும் கூடாது. ரோபோதான் தண்டவாளத்தில் ஓடிப் போய், கேட்ட பெட்டியை உறிஞ்சிப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, அடுக்குகளுக்கு நடுவே ஓடுகிற சந்தின் வாசலில் நிற்கிற பெண்ணின் மேசையில் இறக்கி வைக்கும். அவள் அதிலிருந்து வேண்டிய பொருளை எடுத்துக்கொண்டு பச்சைப் பொத்தானை அழுத்தினால் பெட்டி திரும்பிப் போய்விடும். விருந்தாளிகளைக் கூட்டிவந்து காட்டுவதற்கு ரொம்ப நன்றாக இருக்கும். ஆனால் பெட்டியின் மேல் தூசியோ ஈரமோ படிந்திருந்தால் அந்தப் பிடி வழுக்கும். வழுக்கினால் இருபது கிலோ பெட்டி தொப்பென்று மேசையில் விழும். மேசையில் கை இருந்தால் கையில் விழும்.

ஜனவரியில் ஏழாம் சந்து மேசையில் நின்றிருந்த ஜாய்ஸ் என்கிற பெண்ணின் வலது கை மேல் விழுந்தது. இரண்டு விரல் போயிற்று. ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னாலேயே ரோபோ தன் பாட்டுக்குக் கணினியில் எழுதி வைத்துவிட்டது: 'பெட்டி மேசையை அடைந்தது. நேரம் 10.14. தாமதம் இல்லை.'

கம்பெனி ஜாய்ஸை லேபிள் ஒட்டுகிற மேசைக்கு மாற்றிவிட்டு, ஏழாம் சந்தில் சிநேகா என்கிற இருபத்திரண்டு வயதுப் பெண்ணை நிறுத்தியது. மதுராந்தகத்திலிருந்து ரயிலில் வருகிற பெண். வந்த முதல் நாளே, "அக்கா, இங்க இருந்தவங்களுக்கு இன்னா ஆச்சு?" என்று ஜாய்ஸிடமே கேட்டாள். ஜாய்ஸ் கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "மாத்தல் ஆயிட்ச்சிம்மா" என்றாள்.

அன்று சாயந்திரம் ஜாய்ஸ் பாயைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணு கைய நீட்டும்போதெல்லாம் என்னால பாக்க முடியல பாய். நீதான் பிட்டராச்சே. எதுனா செய்யேன்."

பாய் செய்தார். சின்ன வயதில் கோவளம் கரையில் ஐஸ் கட்டி தூக்கின ஆள் அவர். ஐஸ் இடுக்கியின் குணம் அவருக்குத் தெரியும்: கட்டி எவ்வளவு கனமோ, பிடி அவ்வளவு இறுகும். அதே கணக்கில் ரோபோவின் இரண்டு பக்கமும் மாட்டுகிற மாதிரி ஒரு கவ்வி அடித்தார். பெட்டி ஒரு விரற்கடை வழுக்கினால் போதும், அதன் கனமே கவ்வியை இழுத்து இறுக்கிவிடும். கரண்ட் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். கொல்லையில் தொங்கவிட்டு, மணல் நிரப்பிய பெட்டியில் எண்ணெய் தடவி நூறு தடவை சோதித்தார். ஒரு தடவைகூட விழவில்லை.

கிடங்கின் பாதுகாப்பு மேலாளர் தீனதயாளன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சூப்பர் பாய். நாளைக்கே அம்பது மெஷின்லயும் மாட்டிடலாம். ஒரே ஒரு விஷயம்தான். மெஷின் குடுத்தவனோட ஒப்பந்தம் இருக்கு. வெளிப்பொருள் எது மாட்டினாலும் இந்த ஒன்பதாம் படிவத்தை நிரப்பணும். இதோ பாருங்க, இந்தக் கட்டத்துல உரிமை எண் கேக்குது. காலியா விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது. எனக்கு வேற எதுவும் வேணாம். ஒரு நம்பர் கொண்டுட்டு வாங்க."

ஒரு நம்பர். பாய் இந்த வார்த்தையை நம்பித்தான் மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறினார்.

தேர்வகத்தின் வாசலில் மணி என்ற உதவியாளர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு நின்றிருந்தார். எதையும் தொடாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிற மனிதர் அவர். சுவரில் இருந்த ஒரு பிளவைத் தாடையால் காட்டி, "அதுல போடு பாய்" என்றார்.

பாய் உறையைப் போட்டார். உள்ளே சர்ரென்று ஏதோ இழுத்துக்கொண்டது. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்த பாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே அதே இரும்பு அடுக்கு, அதே பிளாஸ்டிக் பெட்டிகள், அதே ஜாதி ரோபோ. கிடங்கில் சோப்பும் ஷாம்பூவும் இருக்கிற இடத்தில் இங்கே ஜனங்களின் விண்ணப்பங்கள் இருந்தன, அவ்வளவுதான் வித்தியாசம்.

"ரசீது?" என்றார் பாய்.

"ரோபோ உன் பெட்டிய எடுத்துனு வந்து அதிகாரி மேசைல வெக்கும். மேசையத் தொட்ட நேரம்தான் வந்த நேரம். அப்பதான் ரசீது."

"அப்ப இது இப்ப வந்துச்சா, வரலையா?"

"உள்ள பூட்ச்சி. ஆனா வரல."

"எப்ப வரும்?"

"அது ரோபோவுக்குத்தான் தெரியும். நம்ம கேக்கக் கூடாது. கேட்டா மனுசக் கை பட்ட மாதிரி ஆயிடும்."

பாய் வேலைக்குத் திரும்பிவிட்டார். ஏழாம் சந்தைக் கடக்கும்போதெல்லாம் சிநேகாவிடம், "கைய வெளியவே வெச்சுக்கம்மா, பெட்டி உக்காந்தப்புறம் நீட்டு" என்று சொல்லிக்கொண்டே போவார். அவள் சிரிப்பாள். ஒரு மணி நேரத்துக்கு முந்நூறு பெட்டி என்று தலைக்கு மேல் எண் ஓடிக்கொண்டிருக்கும்போது கையை வெளியே வைத்துக்கொண்டு நிற்க யாரால் முடியும்?

மார்ச் நாலாம் தேதியிட்டு ஒரு கடிதம் வந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'எண்: கரை/ஆ/317' என்று போட்டிருந்தது. பாயின் மகள் படித்துக் காட்டினாள்.

'தங்கள் விண்ணப்பம் இன்னும் மேசைக்கு வந்து சேரவில்லை. எனினும் பொதுமக்களின் நேரத்தைக் கருத்தில் கொண்டு, விண்ணப்பத்தைப் பார்க்காமலே எழுப்பக்கூடிய ஆட்சேபணைகள், உறையின் மேல் எழுதப்பட்ட தலைப்பின் அடிப்படையில் எழுப்பப்படுகின்றன. ஒரு பொருள் வழுவாமல் நிற்பது புதிதன்று. மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டை எனப்படும் பாறை பல நூற்றாண்டுகளாகச் சரிவில் வழுவாமல் நிற்பதை இவ்வலுவலகம் சன்னல் வழியாகவே அறியும். அப்பாறைக்கும் தங்கள் கவ்விக்கும் உள்ள வேறுபாட்டை, இரண்டும் அருகருகே இருக்கும் புகைப்படத்துடன் முப்பது நாள்களுக்குள் நிறுவவும்.'

"யா அல்லா" என்றார் பாய். "பாக்காமலே எயுதிகிறானுங்களா?"

"ஆமா வாப்பா. பாத்தா என்ன எழுதுவாங்களோ."

அந்த ஞாயிற்றுக்கிழமை பாயும் ஜாய்ஸும் மாமல்லபுரம் போனார்கள். படம் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமே. ஜாய்ஸ் இடது கையால் போனைப் பிடித்துக்கொண்டாள். பாறையைச் சுற்றி நூறு பேர், எல்லோரும் பாறையைத் தாங்குகிற மாதிரி கையை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் பாய், வேர்த்து வழிய, ஓர் இரும்புக் கவ்வியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். இது ஏதோ புதுத் தினுசு போஸ் என்று நினைத்து, "அங்கிள், அதைக் கொஞ்சம் குடுங்களேன்" என்று நாலு பேர் வரிசையில் நின்றுவிட்டார்கள்.

ஜாய்ஸுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "இந்தக் கல்லு உருண்டு வந்து நாலு பேர நசுக்கினாகூட, 'கல் தரையை அடைந்தது, தாமதம் இல்லை'ன்னு எயுதுவானுங்க பாய்" என்றாள்.

படத்தை மின்னஞ்சலில் அனுப்பினார்கள். அது மறு நிமிடமே போய்ச் சேர்ந்தது. விண்ணப்பத்தையும் அப்படியே அனுப்பலாமா என்று பாய் போன் போட்டுக் கேட்டதற்கு, விண்ணப்பத்தை மட்டும் அப்படி அனுப்பினால் களஞ்சிய ரோபோவின் மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தமாகிவிடும் என்று பதில் வந்தது.

அப்புறம் ஏப்ரல் போயிற்று. கத்திரி வெயிலில் ஒரு நாள் நேர்விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

தேர்வு அதிகாரி முத்துசாமி சாந்தமான மனிதர். எதிரில் இருப்பவர் எவ்வளவு நொந்துபோயிருந்தாலும் குரலை உயர்த்த மாட்டார். அவருடைய மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் பாய் உட்காரப் போனார்.

"அதுல வேண்டாம்" என்று முத்துசாமி தடுத்தார். "அது அவருடையது."

நாற்காலியின் முன்னால் ஒரு பெயர்ப்பலகை இருந்தது: 'துறையில் சாதாரணத் திறமையுள்ள நபர்.' பலகைக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் காபி ஆவி பறந்துகொண்டிருந்தது. நாற்காலியில் யாரும் இல்லை.

"வெளில போயிருக்காரா சார்?"

"இருக்கிறார். அவர் ஒரு கற்பனை நபர். எல்லா ஊரிலும் உரிமைச் சட்டத்தில் இவர் உண்டு. ஒரு கண்டுபிடிப்பு இவருக்குத் தானாகவே தோன்றியிருக்குமா என்று பார்க்க வேண்டும். தோன்றியிருக்கும் என்றால் அது கண்டுபிடிப்பே இல்லை. மற்ற இடங்களில் இவரை மனதில் மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். நாங்கள்தான் மரியாதையாக உட்காரவைத்திருக்கிறோம்." முத்துசாமி நாற்காலியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "கல் விஷயம் முடிந்தது. படம் தெளிவாக இருந்தது. கல் வேறு, கவ்வி வேறு என்று ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஒரு பெட்டி விழுகிறது என்றால், விழாமல் பிடிக்க வேண்டும் என்று இவருக்குத் தோன்றியிருக்கும் இல்லையா?"

நாற்காலி ஒன்றும் சொல்லவில்லை.

"மறுக்கவில்லை பாருங்கள்" என்று முத்துசாமி குறித்துக்கொண்டார்.

பாய்க்கு முதலில் இது விளையாட்டா வினையா என்று விளங்கவில்லை. விளங்கியதும் உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. எழுந்து நின்றுவிட்டார்.

"சார், இவருக்கு எல்லாம் தெரியும்ன்றீங்க. ஜனவரி மாசம் எங்க ஜாய்ஸ் கைல பெட்டி வியுந்துச்சே, அப்ப இவரு எங்க சார் பூட்டாரு? எந்த ஷிப்டு? அம்பது மெஷின் ஓடுது, ஏயு வருசமா ஓடுது, இவருக்குத் தோணிருந்தா வந்து ஒரு கவ்வி மாட்டிருக்கலாம்ல?"

முத்துசாமி பொறுமையாகச் சிரித்தார். "நீங்கள் உணர்ச்சிவசப்படுகிறீர்கள். அவருக்குக் கண்டுபிடிக்கும் கடமை கிடையாது. கண்டுபிடித்திருக்க முடியும் என்பதோடு அவருடைய பொறுப்பு முடிந்துவிடுகிறது. எங்களுக்கும் அப்படித்தான். விரல் என்பது வேறு துறை. எங்களிடம் விரலுக்குப் படிவம் இல்லை."

"அங்க ஒரு சின்னப் பொண்ணு நின்னுகினு கீது சார். ஏயாம் சந்துல. தெனமும்."

"நல்லது. விண்ணப்பம் மேசையைத் தொட்டதும் அதையும் எழுதிக் கொடுங்கள். இணைப்பாகச் சேர்த்துக்கொள்ளலாம்."

வெளியே வந்தபோது மணி நாற்காலிக்காரரின் காபியைக் குடித்துக்கொண்டிருந்தார். கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார். "தெனமும் அவருக்கு ரெண்டு காபி, ஒரு நாஸ்தா" என்றார். "நல்ல மனுசன். ஒரு நாளும் தொந்தரவு குடுத்தது இல்ல."

ஜூன் பதினொன்றாம் தேதி, பிற்பகல், ஏழாம் சந்தில் பெட்டி விழுந்தது.

பாய் அப்போது மூன்று சந்து தள்ளி ஒரு சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். தொப் என்ற சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு கணம் ஒன்றும் இல்லை. அப்புறம் சிநேகா கத்தினாள். பாய் ஓடிப்போய்ப் பெட்டியைத் தூக்கினார். பெட்டி முழுக்கக் குழந்தைகள் பவுடர் டப்பாக்கள். அடியில் இருந்தது அந்தப் பெண்ணின் இடது கை. அது கை மாதிரி இல்லை. பாய் தன் சட்டையைக் கழற்றிச் சுற்றினார். "ஒண்ணும் இல்லம்மா, ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவள், "அண்ணா, நான் பச்சைய அமுக்கல, பச்சைய அமுக்கல" என்று அழுதாள். பொத்தானை அழுத்தாவிட்டால் எண்ணிக்கையில் குறைந்துவிடும் என்று அந்த நிலையிலும் அவளுக்குப் பயம். பாவிகள், அப்படிப் பழக்கி வைத்திருந்தார்கள்.

'பெட்டி மேசையை அடைந்தது. நேரம் 3.52. தாமதம் இல்லை.'

மூன்று விரல். நாலாம் வாரமே கட்டோடு வேலைக்கு வந்துவிட்டாள். வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். ஜாய்ஸ் உட்கார்ந்திருந்த லேபிள் மேசையிலேயே அவளையும் உட்காரவைத்தார்கள். ஜாய்ஸ் இடது கையால் லேபிளை உரித்துக் கொடுப்பாள். சிநேகா வலது கையால் ஒட்டுவாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஜோடிக் கை இருந்தது. ஏழாம் சந்தில் மூன்றாவதாக ஒரு பெண் வந்து நின்றாள். அவள் பெயரைக் கேட்கவே பாய்க்குப் பயமாக இருந்தது.

ஜூலை எட்டாம் தேதி இறுதி விசாரணை என்று கடிதம் வந்தது. பஸ்ஸில் போகும்போது ஜாய்ஸ் போன் செய்தாள்.

"பாய், ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்கோ. அங்கயும் அதே மெஷின்தான் கீதுன்னு சொன்ன இல்ல? அது நின்னாலும் சரி, எரிஞ்சாலும் சரி, நீ போய்க் கைய வெக்காத. உன் புத்தி எனக்குத் தெரியும்."

"நான் இன்னாத்துக்கு வெக்கப் போறேன்?" என்றார் பாய்.

தேர்வகத்தில் எழவு வீடு மாதிரி இருந்தது. நான்கு நாளாக ரோபோ ஓடவில்லை. ஐந்தாவது அடுக்கில் ஒரு பெட்டி பாதி வழுக்கி, அந்தரத்தில் கோணலாகச் சிக்கிக்கொண்டு நின்றது. இழுத்தால் விழும், விட்டால் நகராது. அதிகாரிகள் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். முத்துசாமியின் கண் கலங்கியிருந்தது.

"நான்கு நாளாக ஒரு மேசையும் தொடப்படவில்லை" என்றார். "ஒரு ஏணி வைத்து ஏறி எடுத்துவிடலாம் என்று மணி சொன்னான். கைபட்ட கோப்பு கோப்பே இல்லை என்று நம் விதியே சொல்கிறது. அந்தப் பெட்டி விழுந்தால் எத்தனை விண்ணப்பங்கள் கசங்கும் தெரியுமா? நினைத்தாலே எனக்குத் தூக்கம் வரவில்லை."

பாய் அந்தப் பெட்டியைப் பார்த்தார். அதன் முகப்பில் ஒட்டியிருந்த சீட்டில் 'பிப்ரவரி' என்று இருந்தது.

ஜாய்ஸ் சொன்னது ஞாபகத்தில் இல்லாமல் இல்லை. ஆனால் இருபத்தைந்து வருஷம் பிட்டராக இருந்தவனின் கண்ணெதிரே ஒரு மெஷின் சிக்கி நின்றால் அவனுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். அது எவன் மெஷின், எவன் எதிரி என்ற யோசனை அப்புறம்தான். பையில் கவ்விகள் வேறு இருந்தன. "கோப்பத் தொட மாட்டேன் சார். மெஷின மட்டும் தொடறேன்" என்றார். விதியில் மெஷினைப் பற்றி ஒன்றும் இல்லை என்பதை மூன்று பேர் புத்தகத்தைப் புரட்டி உறுதி செய்தார்கள். ஏணி வந்தது.

இருபது நிமிஷம் ஆயிற்று. ரோபோவின் இரண்டு பக்கமும் கவ்வியை மாட்டி, பெட்டியை ஒரு விரற்கடை வழுக்கவிட்டார். கனம் இழுத்தது, கவ்வி இறுகியது, பெட்டி நேராக நிமிர்ந்தது. பொத்தானை அழுத்தியதும் ரோபோ பெட்டியைப் பூப்போலக் கொண்டுவந்து முத்துசாமியின் மேசையில் வைத்தது. அலுவலகமே கைதட்டியது. மணி கையுறையோடு தட்டியதால் சத்தம் வரவில்லை.

"நீங்கள் மேதை" என்றார் முத்துசாமி. பெட்டியில் முதல் உறையே பாயுடையது. முத்துசாமி அதைப் பிரித்துப் படித்தார். முதல் தடவையாக, முழுசாக, படங்களோடு. படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்தது. "அற்புதம். எவ்வளவு எளிமை. இது புதிதுதான். சந்தேகமே இல்லை. அவருக்குக்கூடத் தோன்றியிருக்காது" என்று நாற்காலியைக் காட்டினார். பாய்க்கு ஐந்து மாதத்தில் முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது.

அப்புறம் முத்துசாமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மேசை மேல் இருந்த கணினியைப் பார்த்தார். மெல்ல உறையை மூடினார்.

"உங்கள் விண்ணப்பம் மேசையைத் தொட்ட நேரம் 11.42."

"சரி சார்."

"இந்தக் கவ்வி எங்கள் களஞ்சியத்தில், பதினாறு பேர் பார்க்க, பயன்பாட்டுக்கு வந்த நேரம் 11.40."

"நான்தானே சார் மாட்டினேன்?"

"அதைத்தான் சொல்கிறேன். நீங்கள் விண்ணப்பம் செய்வதற்கு இரண்டு நிமிடம் முன்பே இது உலகத்துக்குத் தெரிந்த பொருளாகிவிட்டது. உலகத்துக்குத் தெரிந்த பொருளுக்கு உரிமை கொடுக்க முடியாது." மூடிய உறையைப் பாயின் பக்கம் நகர்த்தினார். "என் மனசு ஒத்துக்கொள்கிறது பாய். என் கையெழுத்து ஒத்துக்கொள்ளவில்லை. நான் நேர்மையான அதிகாரி. இதே தப்பை என் சொந்தத் தம்பி செய்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன்."

அச்சு இயந்திரம் ஓடியது. 'தாங்கள் கோரும் கவ்வியை, தங்கள் விண்ணப்பத்துக்கு முன்பே, செங்கல்பட்டைச் சேர்ந்த அப்துல் சுபஹான் என்பவர் இவ்வலுவலகத்தில் வெற்றிகரமாகப் பயன்படுத்தியுள்ளார். எனவே தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. மேற்படி அப்துல் சுபஹான் மீது தங்களுக்கு ஆட்சேபணை இருப்பின் மூன்று மாதங்களுக்குள் தெரிவிக்கலாம்.' மேலே கொட்டை எழுத்தில் 'எண்: கரை/நி/902.'

பாய் ஏணியின் பக்கம் திரும்பினார். "அப்ப என் கவ்விய கயட்டிக் குடுங்க."

"முடியாது. அது இப்போது ஆதாரம்" என்றார் முத்துசாமி. "மேலும் அதைக் கழற்றினால் பெட்டி விழாதா? கோப்புகளுக்கு யார் பொறுப்பு?"

பாய்க்கு வாயில் வந்தது எதையும் இங்கே எழுத முடியாது. எல்லாவற்றையும் சொன்னார். முத்துசாமி அதைக் குறித்துக்கொள்ளவில்லை. அதற்கும் படிவம் இல்லை.

மறுநாள் காலை பாய் வேலைக்குப் போனதும் நேராகத் தீனதயாளன் அறைக்குப் போனார். கடிதத்தை மேசையில் வைத்தார். "முடிஞ்சு பூட்ச்சி சார். அஞ்சு மாசம் அலைஞ்சேன். முடியாதுன்னு எயுதிக் குடுத்துட்டானுங்க."

தீனதயாளன் போனில் பேசிக்கொண்டே கடிதத்தின் தலையைப் பார்த்தார். கணினியில் ஒன்பதாம் படிவத்தைத் திறந்தார். காலிக் கட்டத்தில் கரை/நி/902 என்று தட்டினார். திரையில் பச்சை டிக் விழுந்தது.

"ஓகே பாய். நாளைக்கு அம்பது மெஷின்லயும் மாட்டிடுங்க."

"சார், அது உரிமை இல்ல. இல்லன்னு சொன்ன லெட்டர்."

"அதுக்கென்ன? கட்டம் நம்பர் கேட்டுது, நம்பர் இருக்கு, ஏத்துக்கிச்சு. அதுல என்ன எழுதியிருக்குன்னு படிக்கிறது என் வேலை இல்ல பாய். படிக்கிறதுக்கு மெஷின் குடுத்தவன்கிட்ட ஆள் இருப்பாங்க. அவங்க, நான் படிச்சிருப்பேன்னு நினைச்சுப்பாங்க. இப்படித்தான் எல்லாம் ஓடுது. நான்தான் அன்னிக்கே சொன்னேனே, எனக்கு ஒரு நம்பர் போதும்னு."

பாய் பையிலிருந்த பிளாஸ்டிக் உறையைத் திறந்து, மடிப்பு மடிப்பாகக் கசங்கியிருந்த இன்னொரு கடிதத்தை எடுத்தார். பாறையைப் பற்றின கடிதம்.

"சார். இந்த நம்பரப் போட்டா?"

தீனதயாளன் சலித்துக்கொண்டே கரை/ஆ/317 என்று தட்டினார். பச்சை டிக் விழுந்தது.

"இதுவும் ஏத்துக்குதே. அட, இது எப்பவோ வந்த லெட்டராச்சே. அப்பவே குடுத்திருக்கலாமே பாய்?"

பாய் இரண்டு கடிதத்தையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். கால் தன் பாட்டுக்கு லேபிள் மேசைக்கு நடந்தது. ஜாய்ஸ் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள், சிநேகா ஒட்டிக்கொண்டிருந்தாள். பாயின் முகத்தைப் பார்த்ததும் ஜாய்ஸ் கையை நிறுத்தினாள்.

"இன்னா பாய், நம்பர் வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்பாடா. எப்ப வந்துச்சு?"

பாய் சிநேகாவின் கட்டைப் பார்த்தார். சொல்லாமல் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னார்.

"மார்ச் நாலாந் தேதி."

சிநேகா லேபிளை ஒட்டி முடித்துவிட்டு, அடுத்ததற்காக வலது கையை நீட்டினாள். ஜாய்ஸ் உரித்துக் கொடுக்கவில்லை.